நான்காவது மொட்டை

ஆறு வருடமாக வராத சாவி அந்தத் திங்கட்கிழமை மாலை வந்துவிட்டது.

அப்பா ஜெகதீசன் அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து எல்லாருடைய முகத்துக்கு நேராகவும் ஆட்டிக் காட்டினார். இன்னொரு கையில் ஒரு கிலோ பேடா. நகரத்தின் இன்னொரு கோடியில், கோந்த்வாவில், ஏழாவது மாடியில், சொந்த வீடு! நீலாவுக்கு நாலு வயதாக இருந்தபோது பதிவு செய்த வீடு அது. இப்போது அவளுக்குப் பத்து வயது. வீட்டைக் கட்டியவர் "அடுத்த தீபாவளிக்கு, அடுத்த தீபாவளிக்கு" என்று சொல்லியே ஆறு தீபாவளிகளை ஓட்டிவிட்டார்.

கட்கி பஜாரில் அவர்கள் இருந்த வாடகை வீட்டில் ஒரே ஒரு அறையும் சமையலறையும்தான். அந்த அறையில் இப்போது ஐந்து பேரும் ஒரே நேரத்தில் குதித்தார்கள். அம்மா பானு சாவிக்குக் குங்குமம் வைத்தாள். நாலு வயதுத் தம்பி சின்னதுரை சாவியை நக்கிப் பார்த்தான். குதித்ததில் கீழ்வீட்டுக்காரர் கூரையைக் கம்பால் இரண்டு முறை தட்டினார்.

"ஞாயித்துக்கிழமை பால் காய்ச்சிடலாம். அன்னைக்கே குடி போயிடலாம்" என்றார் அப்பா.

தாத்தா துரைசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தலையில் ஒரு முடி கிடையாது. இருந்த முடியையெல்லாம் மீசைக்கே அனுப்பிவிட்டார் போல, மீசை மட்டும் இரண்டு கன்னத்தையும் தொட்டுக்கொண்டு நின்றது.

"எல்லாம் மாரியம்மன் செயல். சரி, அப்போ நீலாவுக்கு மொட்டை எப்போ? சனிக்கிழமையே போட்ருவோமா?" என்றார் தாத்தா.

நீலாவின் வாயில் பாதி பேடா இருந்தது. அது அப்படியே நின்றுவிட்டது.

"எனக்கா? எதுக்கு?"

"ஏட்டி, நேந்திருக்கேன்லா? மூணு வருசத்துக்கு முந்தி. வீடு கைக்கு வந்தா என் பேத்தி முடியத் தாரேன் தாயீன்னு."

நீலா பேடாவை விழுங்கினாள். எழுந்து நின்றாள். தன் பின்னலை முன்னால் இழுத்துப் போட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"தர மாட்டேன்" என்றாள்.

இந்த இடத்தில் நீலாவின் தலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அந்தத் தலை ஏற்கெனவே மூன்று மொட்டைகளைப் பார்த்துவிட்டது. முதல் மொட்டை ஒரு வயதில், குலதெய்வக் கோவிலில், காது குத்தும்போது. அது எல்லாக் குழந்தைக்கும் உள்ளதுதான், போகட்டும். இரண்டாவது மூன்று வயதில், அப்பாவுக்கு வேலை நிரந்தரமானதற்காக. வேலை அப்பாவுக்கு, மொட்டை நீலாவுக்கு! மூன்றாவது ஆறு வயதில், சின்னதுரை நல்லபடியாகப் பிறந்ததற்காக. "பிறந்தது தம்பிதானே, அவனுக்கே போடுங்களேன்" என்று அவள் அன்றைக்கே கேட்டாள். யாரும் காதில் வாங்கவில்லை.

மூன்றாவது மொட்டையோடு ஒன்றாம் வகுப்புக்குப் போனபோது பள்ளியே அவளை "டக்லூ, டக்லூ" என்று, அதாவது மொட்டைத்தலை என்று, கூப்பிட்டது. தலையைத் தடவிப் பார்க்க வரிசையில் நின்றார்கள். வேனில் வந்த ஒரு பையன் கணக்குப் பரீட்சைக்கு முன்னால் தடவினால் நல்ல மதிப்பெண் வரும் என்று கிளப்பிவிட்டான். நீலாவுக்கு அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் காது சுடும்.

அதற்குப் பிறகு நாலு வருடம். இப்போதுதான் பின்னல் இடுப்பைத் தொடுகிறது.

"அப்படியெல்லாம் சொல்லக் கூடாதும்மா. சாமி காரியம்" என்றாள் அம்மா.

"முடி என்னோடது. தாத்தா எப்படித் தர்றேன்னு சொல்லலாம்? என்னக் கேட்டாரா?"

"சின்னப் புள்ளைகள்ட்ட யாராச்சும் கேப்பாகளாட்டி?" என்றார் தாத்தா.

"கேக்கணும்!"

தாத்தாவின் மீசை துடித்தது. "அப்படின்னா நானும் ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்க. நேத்திக்கடன் முடியாம அந்த வீட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன். நீங்க போயிப் பாலக் காய்ச்சிக் குடிங்க. நான் இங்ஙனயே கெடக்கேன்."

"நானும் முடியக் குடுக்க மாட்டேன்!"

இருவரும் ஒரே மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, ஒரே மாதிரி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். பிடிவாதத்தில் இரண்டு பேரும் ஒரே அச்சு. அப்பா கையில் சாவியை வைத்துக்கொண்டு யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் விழித்தார்.

மறுநாள் பள்ளியில் மதிய உணவு நேரத்தில் நீலா எல்லாவற்றையும் நஸ்ரினிடம் கொட்டினாள். நஸ்ரின் அவளுக்கு அடுத்த இருக்கை, அடுத்த தெரு, எல்லாம்.

"ஒரு வழி இருக்கு" என்றாள் நஸ்ரின். "தலையில பேன் இருக்குன்னு சொல்லு. அசிங்கம்னு விட்ருவாங்க."

"பேன் இருக்குன்னா இன்னும் சீக்கிரமா வழிச்சிருவாங்க, லூசு."

"அப்போ கேதரிங் டான்ஸ் இருக்குன்னு சொல்லு."

அது உண்மைதான். பள்ளி ஆண்டு விழாவில் மீனவப் பெண்கள் நடனத்துக்கு நீலாவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கொண்டை போட்டு, அதைச் சுற்றிப் பூச்சரம் வைக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். ஆனால் நீலா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"டான்ஸ் இல்லைன்னாலும் தர மாட்டேனே! இப்போ நான் உன் டப்பாவைத் திறந்து, 'இந்தா இர்பான், என் அன்பளிப்பு'ன்னு உன் பரோட்டாவை அவன்கிட்ட குடுத்தா எப்படி இருக்கும்?"

நஸ்ரின் சட்டென்று தன் டப்பாவை மூடிக்கொண்டாள். பக்கத்து மேசையில் இருந்த இர்பான் மட்டும், "நல்லா இருக்குமே" என்றான்.

வீட்டில் அந்த வாரம் முழுவதும் ஒரே கூத்தாக இருந்தது. தாத்தா நீலாவோடு பேசவில்லை. நீலாவும் தாத்தாவோடு பேசவில்லை. ஒரே அறையில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம்! அதனால் சின்னதுரை தூது போனான்.

"சின்னதுரை, பேப்பரை எங்க வச்சான்னு உங்க அக்காட்ட கேளு" என்பார் தாத்தா. நீலா இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பாள்.

"ஃப்ரிட்ஜ் மேல இருக்குன்னு சொல்லுடா."

சின்னதுரை தாத்தாவிடம் திரும்புவான். "தாத்தா, அக்கா உங்களை ஃப்ரிட்ஜ் மேல ஏறச் சொல்றா."

புதன்கிழமைக்குள் அவன் விவரமாகிவிட்டான். ஒரு தகவலுக்கு ஒரு பிஸ்கட் தந்தால்தான் வாயைத் திறந்தான்.

அம்மாவும் அப்பாவும் வேறு விதமாக முயன்றார்கள். "லட்சுமி ரோட்டுல அழகழகா விக் விக்குதாம் நீலா. டான்ஸுக்கு அதுல ஒண்ணு வாங்கிக்கலாம்" என்றாள் அம்மா. "புது வீட்டுல உனக்கும் தம்பிக்கும் மாடிக் கட்டில். மேல் படுக்கை உனக்கு. பக்கா!" என்றார் அப்பா.

நீலா மசியவில்லை. வீட்டிலும் தலையில் துப்பட்டாவைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டு நடமாடினாள். தாத்தா கத்தரிக்கோலைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் எதிர்ப்பு என்று ஒன்று வெளியே தெரிய வேண்டாமா?

வியாழக்கிழமை மாலை அம்மா தோசை சுட்டுக்கொண்டிருந்தபோது நீலாவுக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது. அவ்வளவு பெரிய வீட்டுக்கு இந்த வீட்டில் ஒரே ஒருவர்தானா வேண்டிக்கொண்டிருப்பார்?

"அம்மா, நீ ஏதாவது வேண்டிக்கிட்டியா?"

அம்மாவின் கையிலிருந்த கரண்டி தோசைக்கல்லில் விழுந்தது. அந்தச் சத்தத்தில் அப்பாவும் தாத்தாவும் சமையலறை வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"அது வந்து... சும்மா..." என்று இழுத்தாள் அம்மா. "வீடு கிடைச்சா, அடுத்த ஆடித் திருவிழாவுக்கு உங்க அப்பா பூக்குழி இறங்குவார்னு..."

"யாரு?" என்றார் அப்பா. "நானா? நெருப்புலயா?"

"கொஞ்ச தூரந்தாங்க. பத்தடி இருக்கும்."

"பானு! காபி சூடா இருந்தா நான் ஊதி ஊதிக் குடிக்கிறவன். என்னைக் கேட்டியா நீ?"

"அப்பா, நீங்க ஏதாவது வேண்டிக்கிட்டீங்களா?" என்றாள் நீலா.

அப்பா சட்டென்று தணிந்தார். தரையைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். கடைசியில், "வீடு கிடைச்சா பானு ஒரு வருஷம் டீ குடிக்க மாட்டான்னு..." என்று முணுமுணுத்தார்.

அம்மா ஒரு நாளைக்கு ஐந்து டீ குடிப்பவள். அன்றைக்கு எண்ணினால் ஆறு.

"என் டீயா? என் டீயை எப்படிங்க நீங்க குடுப்பீங்க? உங்க காபியைக் குடுத்திருக்க வேண்டியதுதானே?" தோசை கருகியது. யாரும் கவனிக்கவில்லை.

"நானும் வேண்டினேனே!" என்று சின்னதுரை கையைத் தூக்கினான். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். "வீடு வந்தா அக்காவோட கலர் பென்சில் எல்லாம் சாமிக்கு!"

நீலா அவனை முறைத்தாள். இருந்தாலும் அவளுக்கு உள்ளுக்குள் சிரிப்பு பொங்கியது. இந்த வீட்டில் ஒருவர்கூடத் தன்னுடையது என்று எதையும் சாமிக்குத் தரவில்லை. எல்லாரும் தாராளமாக அடுத்தவருடையதை அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள்!

"என்னைக் கேக்காம நீ எப்படி..." என்று அப்பா மறுபடியும் ஆரம்பித்தார்.

"நீங்க மட்டும் என்னைக் கேட்டீங்களா?" என்றாள் அம்மா.

"அதத்தானே நானும் திங்கட்கிழமையிலிருந்து சொல்றேன்!" என்றாள் நீலா.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கருகிய தோசையைத் தட்டில் போட்டாள். சாப்பிட்டு முடித்ததும் அப்பா மட்டும் மெதுவாக, "நீ சொல்றது சரிதான் நீலா. உனக்கு இஷ்டம் இல்லைன்னா மொட்டை கிடையாது" என்றார்.

தாத்தா கருகிய தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். "அவங்கவங்க பாடு அவங்கவங்களுக்கு. நான் குடுத்த வாக்கு குடுத்ததுதான்" என்றார்.

வெள்ளிக்கிழமை வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். பாத்திரம், புத்தகம், துணி என்று எல்லாம் உள்ளே போய்க்கொண்டிருந்தன. பள்ளியிலிருந்து வந்த நீலா சுற்றிப் பார்த்தாள். தாத்தாவின் தகரப்பெட்டி மட்டும் மூலையில் திறந்தே கிடந்தது. அவருடைய வேட்டிகள் கொடியில் தொங்கின. மருந்து டப்பா ஜன்னலில் இருந்தது. ஒன்றையும் அவர் எடுத்து வைக்கவில்லை.

அப்போதுதான் நீலாவுக்கு உறைத்தது. தாத்தா கோபத்தில் சொன்னது வெறும் பேச்சு இல்லை. அவர் நிஜமாகவே வரப்போவதில்லை. தாத்தா இல்லாத வீட்டில் ஏழாவது மாடி எதற்கு, மேல் படுக்கை எதற்கு?

அவள் தூது அனுப்பவில்லை. நேராகப் போய் அவர் முன்னால் உட்கார்ந்தாள்.

"தாத்தா, நிஜமாவே வர மாட்டீங்களா?"

தாத்தா நாலு நாளைக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். "எனக்கு மட்டும் வரணும்னு ஆசை இல்லையா புள்ள? பயமாருக்கு. அதான்."

"எதுக்குப் பயம்?"

"உங்க அப்பன் சின்னப் புள்ளையா இருக்கையில ஒரு நேத்திக்கடனை அடுத்த வருசம் பாப்போம்னு தள்ளிப் போட்டேன். அந்த வருசந்தான் அவன் மாடிப்படியில விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டான். மூணு மாசம் மாவுக்கட்டு. அதுலேருந்து எனக்கு ஒரு பயம். புது வீடு. ஏழாவது மாடி. நீயும் தம்பியும் ஓடியாடித் திரிவீங்க. நான் சொன்ன சொல்லு தப்பிப் போயி உங்களுக்கு ஒண்ணுன்னா..."

நீலா சிரிக்கவில்லை. இதுவரை தாத்தாவுக்குப் பிடிவாதம் என்றுதான் நினைத்திருந்தாள். உள்ளே இவ்வளவு பயம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், போனால் போகிறது முடிதானே என்றுகூட நினைத்தாள்.

ஆனால் இப்போது கொடுத்தால்? நாளைக்கு ஐந்தாவது மொட்டை வரும். ஆறாவது வரும். ஒவ்வொன்றுக்கும் யாருக்காவது ஒரு நல்ல காரணம் இருக்கும். இல்லை, அது மட்டும் முடியாது.

"முடி தர மாட்டேன் தாத்தா" என்றாள். "ஆனா நாளைக்குக் காலையில கோவிலுக்கு உங்ககூட வர்றேன். நானே சாமிகிட்ட பேசிக்கிறேன்."

"நீ என்னத்தப் பேசுவ?"

"அது எனக்கும் சாமிக்கும்."

பஜாருக்குப் பின்னால் இருந்தது அந்த மாரியம்மன் கோவில். தொழிற்சாலையில் வேலை பார்த்த தமிழர்கள் அந்தக் காலத்தில் ஆளுக்கு நாலு செங்கல் சுமந்து கட்டியது. பூசாரி மாடசாமி சனிக்கிழமை காலையில் அப்போதுதான் நடை திறந்து விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். தாத்தா அவரிடம் விஷயத்தைச் சொன்னார்.

பூசாரி நீலாவையும் அவள் தலையில் இருந்த துப்பட்டா முடிச்சையும் பார்த்தார். "இதுக்கு ஒரு வழி இருக்கு அண்ணாச்சி. பூப் போட்டுப் பாத்துருவோம். வெள்ளைப் பூ வந்தா முடி வேண்டாம். சிவப்புப் பூ வந்தா முடி வேணும். அம்மன் என்ன சொல்லுதாளோ அதான்."

தாத்தாவின் முகம் தெளிந்தது. "அதான் சரி. போடுங்க."

"வேண்டாம்" என்றாள் நீலா.

"ஏன்?"

"சிவப்பு வந்தாலும் தர மாட்டேன். அப்புறம் எதுக்குப் போடணும்? என் முடியைப் பத்தி என்னைத் தவிர எல்லார்கிட்டயும் கேக்குறீங்க. தாத்தா சாமிகிட்ட சொன்னார். இப்போ நீங்க பூவைக் கேக்கப் போறீங்க. என்கிட்ட யாரு கேக்குறாங்க?"

பூசாரி எடுத்த பூவை மறுபடியும் கூடையிலேயே வைத்தார்.

நீலா அம்மன் முன்னால் போய் நின்றாள். கை கூப்பினாள். கோவிலுக்கு வெளியே பூ விற்பவருக்குக்கூடக் கேட்கும்படி பேசினாள்.

"சாமி, என் பேர் நீலா. எங்களுக்கு வீடு குடுத்ததுக்கு ரொம்ப தேங்க்ஸ். தாத்தா என் முடியைத் தர்றேன்னு உன்கிட்ட சொல்லிட்டார். ஆனா அது அவரோடது இல்லை. என்னோடது. நான் தரலை. தாத்தா பாவம், அவருக்கு எங்க மேல உள்ள பாசத்துல சொல்லிட்டார். அவர் பொய் சொல்லலை. அதனால உனக்குக் கோபம் வந்தா..." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "கோபம் வந்தா என்மேல படு. தாத்தா மேல படாத. தம்பி மேலயும் படாத. என்மேல மட்டும் படு. ஆனா முடி மட்டும் தர மாட்டேன்."

"ஏட்டி!" தாத்தா பதறிப்போய் ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினார். "என்ன பேச்சுப் பேசுத?"

அவளைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு, அவர் அம்மனைப் பார்த்தார். "தாயி, அவ சொன்னதக் கேக்காத. சின்னப் புள்ள. அவ மேல கோபப்படாத. தப்பு எம்மேல. அடுத்தவ பொருள எடுத்து உனக்குக் குடுக்கேன்னு சொன்னது நாந்தான். எங்கிட்ட இருக்கிறத நான் தாரேன்."

சொல்லிக்கொண்டே தலையைத் தடவினார். வழுவழுவென்று இருந்தது. கை அங்கே ஒன்றும் கிடைக்காமல் கீழே இறங்கி, மீசையில் வந்து நின்றது.

பூசாரி மாடசாமி மூச்சை அடக்கிக்கொண்டார். அந்த மீசையைப் பற்றி அவருக்கும் தெரியும், கட்கி முழுவதற்கும் தெரியும். தொழிற்சாலைப் பணிக்குப் போன முதல் மாதத்தில் வைத்த மீசை. தாத்தாவின் கல்யாணப் படத்தில் பெண்ணுக்கு முன்னால் மீசைதான் தெரியும்.

"அண்ணாச்சி, யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சு."

கோவில் வாசலில் மொட்டை போடும் சுனில், தாத்தாவின் மீசையை இருபது வருடமாகத் திருத்தி விடுகிறவர். விஷயத்தைக் கேட்டதும் அவர் கத்தியைப் பெட்டிக்குள்ளேயே போட்டுவிட்டார். "காகா, பெரியவரே, என்னால முடியாது. வேற ஆளைப் பாருங்க" என்று இந்தியில் கெஞ்சினார்.

நீலாவுக்கும் மனது கேட்கவில்லை. தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம் தாத்தா. நான் அதுக்காகச் சொல்லலை. நீங்களும் தர வேண்டாம். யாரும் எதுவும் தர வேண்டாம்."

தாத்தா முக்காலியில் உட்கார்ந்தார். தோளில் துண்டை விரித்துக்கொண்டார். நெஞ்சை நிமிர்த்தினார்.

"என் மீசை. என் இஷ்டம். நீ யாருட்டி கேக்குறதுக்கு?"

நீலா பிடித்திருந்த கையை விட்டாள். சுனில் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். பிறகு கத்தியை எடுத்தார். நாலே இழுப்பில் நாற்பத்தைந்து வருட மீசை தட்டில் கிடந்தது.

தாத்தா கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். மேலுதட்டைத் தொட்டுப் பார்த்தார். "ஏயப்பா, காத்து ஜில்லுன்னு அடிக்கு" என்றார். நீலாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. தலையில் இருந்த துப்பட்டாவை அவிழ்த்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சின்னதுரை தாத்தாவை ஒரு பார்வை பார்த்தான். அம்மாவின் பின்னால் ஓடி ஒளிந்தான். "இது வேற தாத்தா! நம்ம தாத்தாவைக் கொண்டு வாங்க!" என்று கத்தினான். பாதிப் பொட்டலம் பிஸ்கட் தந்த பிறகுதான் பக்கத்தில் வந்தான். அதற்குள் தாத்தா தன் வேட்டிகளை மடித்துத் தகரப்பெட்டியில் வைத்துவிட்டார்.

அவரைப் பார்த்த வெட்கத்தில் அம்மாவும் அப்பாவும் தங்கள் கணக்கை மாற்றிக்கொண்டார்கள். அப்பா ஒரு வருடம் காபியை விடுவதாகச் சொன்னார். அம்மா ஆடித் திருவிழாவில் தானே மாவிளக்கு எடுப்பதாகச் சொல்லிவிட்டு, அந்தச் சந்தோஷத்தில் ஒரு டீ போட்டுக் குடித்தாள். கலர் பென்சில் விஷயத்தில் மட்டும் சின்னதுரை இன்னும் பிடி கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோந்த்வா வீட்டில் லிஃப்ட் ஓடவில்லை. அடுத்த வாரம் ஓடுமாம். ஏழு மாடியையும் தாத்தா படிப்படியாக ஏறினார். அவர் மூச்சு வாங்க நின்ற இடத்திலெல்லாம் நீலாவும் நின்றாள். வாசலுக்கு வந்ததும் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கோவில்பட்டியிலிருந்து அத்தை வீடியோவில் கூப்பிட்டார். அப்பாவின் அக்கா.

"வாழ்த்துகள், வாழ்த்துகள்! வீட்டைச் சுத்திக் காட்டுங்க. அது யாரு நாற்காலியில உக்காந்திருக்கிறது? ஐயோ, அப்பாவா? மீசை எங்கப்பா?"

"அம்மனுக்குக் குடுத்துட்டேன்."

"நல்லதுப்பா, நல்லது. நானும் நேத்துத்தான் நம்ம ஊரு கோயிலுக்குப் போயி வேண்டிக்கிட்டு வந்தேன். உங்க மாப்பிள்ளைக்கு இந்த வருசம் பதவி உயர்வு கிடைச்சா, வார பங்குனியில நம்ம நீலா பால்குடம் எடுத்து..."

அப்பா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

தாத்தா விருட்டென்று எழுந்து அப்பாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். "ஏளா, அவள்ட்ட கேட்டியா? கேக்காம எப்படிச் சொல்லுவ? மொதல்ல அவள்ட்ட கேளு!"

போனை நீலாவின் முகத்துக்கு நேராக நீட்டினார். திரையில் அத்தை திகைத்துப்போய்க் கண்ணைக் கொட்டினார். அப்புறம், "ஏம்மா நீலா... அத்தைக்காக... பால்குடம் எடுப்பியா?" என்று கேட்டார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் தன்னைக் கேட்டுவிட்டதில் நீலாவுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

"கேட்டதுக்கு ரொம்ப தேங்க்ஸ் அத்தை" என்றாள். "மாட்டேன்."

பிறகு போனைத் தாத்தாவிடமே கொடுத்துவிட்டு, அம்மாவிடம் இரண்டாவது டம்ளர் பாலுக்குக் கையை நீட்டினாள்.